விழுந்த இடத்தை எழுது: கோல்ஃப் கேமில் காற்றும் ஸ்பின்னும் பார்த்து கிளப் எடுக்கும் கணக்கு

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். கோல்ஃப் மட்டையை வாழ்நாளில் தொட்டதில்லை. கொடைக்கானலுக்கு டூர் போனபோது, தூண்பாறைக்குப் போகிற வழியில் வேன் ஜன்னலிலிருந்து அந்தப் பச்சை மைதானத்தைப் பார்த்ததோடு சரி. இப்படிப்பட்ட நான் கோல்ஃபுக்கு வழி சொல்ல வந்திருப்பதற்குக் காரணம் என் அக்கா பையன். 2020இல் கொரோனாவுக்குக் காலேஜை மூடியதும், அம்மாப்பேட்டையிலிருந்து பிளேஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்துவிட்டான். அந்த ஆகஸ்டில் வெளியான பிஜிஏ டூர் 2கே21 கேமையும் வாங்கிப் போட்டான். "இது ஒண்ணுதான் உங்களுக்கு ஒத்துவரும் சித்தி, யாரையும் சுட வேண்டாம்" என்று கண்ட்ரோலரை என் கையில் திணித்தான்.

முதல் ஒன்றரை மாதம் முழுக்கத் தோற்றேன். அவன் கை வேகம் எனக்கு வராது. அப்புறம் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை எடுத்தேன்: நோட்டுப் போட்டேன். ஒரு பழைய சம்பளப் பேரேட்டின் பின்பக்கத் தாள்கள். இப்போது அவன் சேலத்தில் வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை மேலே வந்தால் பத்து ஆட்டத்தில் ஆறேழு என் பக்கம்தான். கீழே இருப்பதெல்லாம் அந்த நோட்டில் உள்ளது. எண்கள் என்னுடையவை, அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்படி எடுத்தேன் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கோல்ஃப் கேம் ஆடுகிறவர்களுக்கும் அது பயன்படும்.

ஒரு விஷயம். திரையில் தூரம் யார்டில் வரும். நான் கெஜம் என்றே எழுதுகிறேன். ஜவுளிக்கடையில் அளக்கிற அதே கெஜம்தான், மூன்று அடி.

முதலில் காற்றை நிறுத்துங்கள்

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது காற்று அம்புக்குறியை. நானும் அப்படித்தான். கிளப் என்றால் மட்டை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரம். எதிர்க்காற்று மணிக்கு 10 மைல் என்றால் ஒரு கிளப் கூட்டு, பின்காற்று 10 என்றால் ஒரு கிளப் குறை. சரி, எதிலிருந்து கூட்டுவது, எதிலிருந்து குறைப்பது? கிளப் பெயருக்குப் பக்கத்தில் கேம் ஒரு தூரம் போட்டுக் காட்டுகிறதே, அதிலிருந்து என்பீர்கள். அது சமதரை, காற்றில்லை, நல்ல புல், முழு வீச்சு என்று வைத்துக்கொண்டு கேம் சொல்லும் தூரம். உங்கள் கட்டைவிரல் அதில் எவ்வளவு கொடுக்கும் என்பது கேமுக்குத் தெரியாது. என் விரல் பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீதம் குறைத்துத்தான் கொடுக்கிறது.

அதனால் பயிற்சி மைதானத்துக்குப் போய்க் காற்றைப் பூஜ்யம் ஆக்குங்கள். கேமில் அந்த வசதி இல்லாவிட்டால், காற்று 1, 2 என்று காட்டும் நாளாகப் பார்த்து எடுங்கள். ஒரு கிளப்புக்கு ஐந்து பந்து. அதிகம் போனதையும் குறைவாகப் போனதையும் நீக்கிவிட்டு, நடுவில் உள்ள மூன்றின் சராசரியை எழுதுங்கள். காபிப் பழம் பறிக்கிறவர்களின் கூடையை எடை போடும்போதும் நான் இப்படித்தான் ஒரு நாளின் கணக்கை மனதுக்குள் சரிபார்ப்பேன். ஒரு கூடை மட்டும் ஏகத்துக்கு எடை காட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

இங்கேதான் நான் ஒன்றரை மாதம் தோற்றதற்கான காரணம் இருக்கிறது. பந்து நின்ற இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன். என் பழைய பக்கத்தில் "7 அயன், 178" என்று இருக்கிறது. அயன் என்பது இரும்பு முக மட்டை, எண் கூடக் கூடத் தூரம் குறையும். அது நின்ற இடம். பந்து விழுந்தது 170இல், அப்புறம் எட்டு கெஜம் உருண்டது. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். அதற்கு முன்னால் 173 கெஜத்தில் பங்கர் என்ற மணல் பள்ளம் முடிகிறது என்றால், நோட்டைப் பார்த்து 178 இருக்கிறதே, தாண்டிவிடும் என்று அடிப்பேன். பந்து 170இல் மணலில் புதையும். மணலில் பந்து உருளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே குழியில் நான்கு தடவை இப்படிப் புதைந்த பிறகுதான் புத்தி வந்தது.

அதனால் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்று விழுந்த தூரம், இன்னொன்று ஓடிய தூரம். விழுந்த தூரம்தான் உங்கள் சொத்து, ஓட்டம் என்பது தரை கொடுக்கும் கடன். கிரீன் இறுகலாக இருந்தால் நிறையக் கொடுக்கும், மழை நனைத்த கிரீன் ஒன்றும் கொடுக்காது. அதிக தூரம் போகும் டிரைவரிலிருந்து, முகம் நன்றாகச் சாய்ந்த, தூரம் குறைந்த வெட்ஜ் வரை என் பக்கம் இப்படி இருக்கிறது: டிரைவர் 268, ஓட்டம் 20. 5 அயன் 192, ஓட்டம் 12. 6 அயன் 182, ஓட்டம் 10. 7 அயன் 170, ஓட்டம் 8. 9 அயன் 146, ஓட்டம் 3. பிட்சிங் வெட்ஜ் 134, ஓட்டம் ஒன்று, சில சமயம் பின்னோக்கி. பிஜிஏ டூர் என்பது அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடர். டிராக்மேன் என்ற ரேடார் கருவியால் அளந்து முன்பு வெளியிட்ட அதன் ஆட்டக்காரர்களின் சராசரியில் டிரைவர் 275, 7 அயன் 172, பிட்சிங் வெட்ஜ் 136 கெஜம் பறந்தன. கேம்காரர்கள் எங்கிருந்து எடுத்தார்களோ, என் எண்ணெல்லாம் அதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. உங்களுக்கு 7 அயன் 210 என்று வந்தால் நீங்கள் ஆடுவது வேறு மாதிரி கேம், பரவாயில்லை, உங்கள் எண்ணை எழுதுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு கிளப்புக்கு நடுவில் பத்துப் பன்னிரண்டு கெஜம் இடைவெளி வரும். அந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் கணக்கில் இரண்டு மூன்று கெஜம் பிசகினால் ஒன்றும் ஆகாது, பத்து பிசகினால் ஒரு கிளப்பே தப்பு.

காற்று மேலேதான் இருக்கிறது

எங்கள் எஸ்டேட்டில் காபிச் செடிக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன, அதில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். காலையில் ஆபீஸ் வாசலில் நின்றால் காபி இலை ஒன்றுகூட அசையாது. அண்ணாந்து பார்த்தால் சில்வர் ஓக்கின் உச்சி மட்டும் தெற்கும் வடக்குமாக ஆடிக்கொண்டிருக்கும். கீழே காற்று இல்லை என்று நாம் நினைக்கும்போதும் மேலே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பந்து பறப்பது அந்த உயரத்தில்தான். அதே டிராக்மேன் எண்களில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: டிரைவரானாலும் வெட்ஜானாலும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பந்து எட்டும் உச்ச உயரம் ஏறக்குறைய ஒன்றே, 30 கெஜம் சுமார். கிட்டத்தட்ட ஒன்பது மாடி. அதனால் சின்ன கிளப்தானே, காற்று என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெட்ஜ் பந்தும் அதே ஒன்பதாவது மாடிக்குப் போய்த்தான் இறங்குகிறது. அந்தப் பந்தின் எடையோ 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஐந்தே முக்கால் பவுன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கிற ஊரில் ஐந்தே முக்கால் பவுன் எம்மாத்திரம்.

இனி கணக்கு. நிஜ கோல்ஃபில் பயிற்சியாளர்கள் சொல்லும் ஒரு வாய்ப்பாடு உண்டு. எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைலுக்குத் தூரத்தில் ஒரு சதவீதம் கூட்டு. பின்காற்று ஒரு மைலுக்கு அரை சதவீதம் குறை. 150 கெஜத்துக்கு எதிர்க்காற்று 10 மைல் என்றால் 15 கூட்டி 165க்கு அடி. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் ஏழோ எட்டோ குறைத்து 142க்கு அடி.

ஏன் ஒரே காற்றுக்கு இரண்டு கணக்கு என்று அக்கா பையன் கேட்டான். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. பஸ் ஏறும்போது டீசலைக் குடிக்கும். அதே பஸ் இறங்கும்போது குடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுமா? ஏதோ கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். பந்துக்கும் அதுதான். எதிர்க்காற்றில் பந்தின் மேல் மோதும் காற்றின் வேகம் கூடுகிறது, இழுவை அதைவிட வேகமாகக் கூடுகிறது. பின்காற்றில் இழுவை குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் பந்தைத் தூக்கி நிறுத்தும் விசையும் கூடவே குறைந்துவிடுகிறது. அதனால் லாபம் பாதிதான்.

இந்த ஒன்றும் அரையும் உங்கள் கேமில் அப்படியே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். இது தொடங்குவதற்கு ஒரு எண். பயிற்சி மைதானத்தில் 7 அயனை எடுத்து, எதிர்க்காற்று 10 வைத்து ஐந்து பந்து, பின்காற்று 10 வைத்து ஐந்து பந்து, பக்கக் காற்று 10 வைத்து ஐந்து பந்து அடியுங்கள். பதினைந்து பந்து, அரை மணி நேரம் ஆகாது. எனக்கு எதிர்க்காற்றில் 170 கெஜம் 154 ஆனது, பின்காற்றில் 178 ஆனது. சதவீதம் போட்டுப் பார்த்தால் வாய்ப்பாட்டுக்கு ஒரு நூல் உள்ளேதான். பக்கக் காற்றில் பத்து கெஜம் ஒதுங்கியது. அதாவது இந்தத் தூரத்துக்கு மைலுக்கு ஒரு கெஜம். வெட்ஜுக்கு அதில் முக்கால், டிரைவருக்கு ஒன்றரை என்று வைத்திருக்கிறேன்.

காற்று நேராகவே வீசினால் நல்லதுதான், வீசாது. அம்புக்குறியைக் கடிகார முள் மாதிரி படியுங்கள். குழியை நோக்கி நேராகக் காட்டினால் 12 மணி, உங்களை நோக்கிக் காட்டினால் 6 மணி, வலது பக்கம் 3, இடது பக்கம் 9. ஒரு மணி தள்ளி இருந்தால் நேர்ப்பங்கு பத்துக்கு ஒன்பது, பக்கப்பங்கு பாதி. இரண்டு மணி தள்ளினால் அப்படியே தலைகீழ்: நேர்ப்பங்கு பாதி, பக்கப்பங்கு பத்துக்கு ஒன்பது. நட்டநடுவில், ஒன்றரை மணியில் இருந்தால் இரண்டுக்கும் பத்துக்கு ஏழு. இதைக் கூட்டினால் பத்துக்கு மேல் வருகிறதே என்று என் அக்கா வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் கணக்கு வாத்தியார், ஒவ்வொன்றையும் சதுரம் போட்டுக் கூட்டச் சொன்னேன், அமைதியானார்.

அம்பு காற்று போகும் திசையைக் காட்டுகிறது, வரும் திசையை அல்ல. இதில் எல்லோரும் ஒரு தடவையாவது ஏமாறுவார்கள். இன்னொன்று, குறியைத் திருப்பினால் காட்சியும் திரும்பும், அம்பின் மணியும் மாறும். அதனால் முதலில் குறியைக் குழியில் நட்ட கொடிக்கு நேராக வைத்துவிட்டு அம்பைப் படியுங்கள். அப்புறம்தான் குறியை நகர்த்த வேண்டும்.

ஒரே ஒரு அடி, முழுக்க

சென்ற மாதம் ஆடிய ஒரு குழியைச் சொல்கிறேன். கொடிக்கு 162 கெஜம். கிரீன் நாம் நிற்கும் இடத்தைவிட 12 அடி கீழே. காற்று 12 மைல், அம்பு 7 மணியில், அதாவது முகத்துக்கு நேராகவும் கொஞ்சம் இடது பக்கமாகவும் தள்ளுகிறது. கொடிக்கு முன்னால் பங்கர். அதன் மேல்விளிம்பு கொடிக்கு ஆறு கெஜம் இந்தப் பக்கம்.

முதலில் இறக்கம். மூன்று அடிக்கு ஒரு கெஜம். 12 அடிக்கு நான்கு. 162இல் நான்கு போனால் 158. அடுத்து காற்று. ஏழு மணி என்றால் ஆறிலிருந்து ஒரு மணி தள்ளி, நேர்ப்பங்கு பத்துக்கு ஒன்பது. 12இல் ஏறக்குறைய 11. ஆக 158க்குப் பதினோரு சதவீதம், 17 கெஜம். கூட்டினால் 175. பக்கப்பங்கு பாதி, 6 மைல், எனவே ஆறு கெஜம் இடது பக்கம் போகும். குறி ஆறு கெஜம் வலது பக்கம்.

இப்போது நோட்டில் 175ஐத் தேடினால் 7 அயன் 170, 6 அயன் 182. 7 அயனில் முழு வீச்சு சுத்தமாக விழுந்தாலும் பங்கர் விளிம்பை ஒரு கெஜத்தில் தாண்டும். அது தாண்டல் இல்லை, வேண்டுதல். 6 அயனை எடுத்தேன். லாஃப்டை, அதாவது பந்து மேலே கிளம்பும் கோணத்தை, ஒரு படி தாழ்த்தினேன். தாழ்வாகப் போகும் பந்து எதிர்க்காற்றிலும் இரண்டு கெஜம் ஓடும் என்பதால் 173 போதும் என்று வைத்தேன். 182இல் 95 சதவீதம் 173. வீச்சை அந்த அளவில் நிறுத்தினேன். பந்து கொடிக்கு ஒன்றரை கெஜம் இடது பக்கம் நின்றது. கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், அவன் சொல்லமாட்டான்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? 7 அயனை எடுத்து வீச்சை அளவுக்கு மேல் இழுத்தான். எதிர்க்காற்று என்றால் இன்னும் ஓங்கி அடிக்க வேண்டும் என்பது அவன் நினைப்பு. பந்து பட்டம் மாதிரி மேலே ஏறியது, ஒரு கணம் அங்கேயே நின்றது, தொப்பென்று மணலில் விழுந்தது. "காத்து கூடிடுச்சு சித்தி" என்றான். திரையில் அதே 12 தான் இருந்தது.

ஓங்கி அடித்தால் ஏன் ஏறுகிறது

பந்து மட்டையின் சாய்ந்த முகத்தில் பட்டுக் கிளம்பும்போது பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகிறது. இதுதான் பேக்ஸ்பின். டூர் ஆட்டக்காரர்களின் 7 அயன் பந்து நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. பிட்சிங் வெட்ஜ் ஒன்பதாயிரத்தைத் தாண்டும், டிரைவர் இரண்டாயிரத்து எழுநூறுக்குப் பக்கம். அப்படிச் சுழலும் பந்து தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது, காற்று பந்தை மேலே தூக்குகிறது. மேக்னஸ் விளைவு என்று பெயர். 1890களில் எடின்பரோவில் பீட்டர் கத்ரி டெய்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் உட்கார்ந்து கோல்ஃப் பந்துக்கு இதைக் கணக்குப் போட்டு எழுதினார். அவர் மகன் ஃப்ரெடி டெய்ட் 1896, 1898 இரண்டு வருடமும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர். அப்பா நோட்டு, மகன் மட்டை. எங்கள் வீட்டில் நோட்டும் நானே, மட்டையும் நானே.

எதிர்க்காற்றில் பந்தைக் கடக்கும் காற்றின் வேகம் அதிகம், அதனால் அதே சுழற்சி பந்தை இன்னும் மேலே தூக்குகிறது. நீங்கள் ஓங்கி அடித்தால் சுழற்சியும் கூடுகிறது. கூட்டிய பலம் முன்னால் போகாமல் மேலே போய்விடுகிறது. அதனால்தான் பெரிய கிளப்பை எடுத்து மெதுவாக அடிப்பது. பெரிய கிளப்பின் முகம் குறைவாகச் சாய்ந்திருக்கும், மெதுவாக அடித்தால் சுழற்சியும் குறையும், பந்து தாழ்ந்து போகும். என் விதி: எதிர்க்காற்று 8 மைலுக்கு மேல் போனால் முழு வீச்சு கிடையாது. ஒரு கிளப் பெரிதாக எடுத்து 90, 95இல் நிறுத்துவேன். எதிர்க்காற்றில் கூடுதல் பேக்ஸ்பின் பொத்தானைத் தொடவே மாட்டேன். காற்றே பந்தைச் செங்குத்தாக இறக்கி நிறுத்திவிடும், அதற்கு மேல் எதற்கு?

பின்காற்றில் எல்லாம் எதிர்ப்பதம். பந்து சரிவாக வந்து இறங்கும், ஓட்டம் இரட்டிப்பாகும். என் 9 அயன் சாதாரணமாக மூன்று கெஜம் ஓடும், பின்காற்று 12இல் ஏழெட்டு ஓடுகிறது. இங்கேதான் பேக்ஸ்பின்னைச் செலவழிக்க வேண்டும், லாஃப்டையும் ஒரு படி ஏற்ற வேண்டும். அப்படியும் நிற்காது போலிருந்தால் கிரீனின் முன்விளிம்பில் விழுந்து ஓடிவரும்படி அடியுங்கள். கொடியைக் குறிவைத்துப் பின்காற்றில் வெட்ஜ் அடிக்கிறவர்கள் கிரீனுக்குப் பின்னால் உள்ள புதரில் பந்து தேடுவார்கள்.

ரஃப் என்ற நீளப் புல்லிலிருந்து அடிக்கும்போது கேம் ஒரு சதவீதம் காட்டும், 80 என்றால் உங்கள் 170 அங்கே 136. அதை எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்காமல் விடுவது, மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் புல் சிக்கினால் சுழற்சி குறையும் என்பதை. தூரம் குறைந்தாலும் ஓட்டம் கூடும். ஓட்டப் பத்தியில் ரஃபுக்குத் தனி வரி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கக் காற்றுக்கு இரண்டு வழி உண்டு. குறியைத் தள்ளி வைத்துக் காற்றே பந்தைக் கொண்டுவந்து சேர்க்கும்படி விடலாம். இல்லை, காற்றுக்கு எதிராகப் பந்தை வளைத்து நேராகவே நிறுத்தலாம். வலது கை ஆட்டக்காரருக்கு டிரா என்றால் இடது பக்கம் வளையும், ஃபேட் என்றால் வலது பக்கம். இடமிருந்து வலமாகக் காற்று வீசும்போது டிரா அடித்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், பந்து கயிறு பிடித்த மாதிரி போய் மெத்தென்று இறங்கும். ஆனால் ஐந்தாறு கெஜம் குறையும். டீயிலிருந்து, அதாவது குழியின் முதல் அடிக்கு, டிரைவர் எடுத்தால் காற்றோடு போவேன், தூரம் கிடைக்கும். கிரீனுக்கு அடிக்கும்போது மட்டும், அதுவும் கொடி காற்று வரும் பக்கத்து மூலையில் இருந்தால், வளைத்து நிறுத்துவேன். மற்றபடி குறியைத் தள்ளிவைப்பதே போதும். அக்கா பையன் எல்லாவற்றுக்கும் வளைப்பான். பார்க்க அழகாக இருக்கும்.

காற்றின் மேல் போட்ட பழி

சென்ற வருடம் நானே ஒரு பழைய பிளேஸ்டேஷன் வாங்கினேன், சேலத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில். அன்றிலிருந்து என் பந்தெல்லாம் இடது பக்கம் ஐந்தாறு கெஜம் ஒதுங்கியது. காற்றுக் கணக்கில்தான் தப்பு என்று நினைத்து, பக்கக் காற்றுப் பக்கத்தை அடித்துத் திருத்தினேன். வலமிருந்து வீசும் காற்றுக்கு மைலுக்கு ஒன்றரை கெஜம், இடமிருந்து வீசும் காற்றுக்கு அரை கெஜம் என்று வந்தது. இரண்டு வாரம் அப்படியே ஆடினேன். காற்றுக்கு ஏது வலது, இடது என்று ஒருநாள் பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து காற்றைப் பூஜ்யமாக்கி ஐந்து பந்து அடித்தேன். ஐந்தும் இடது பக்கம். கண்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன், திரையில் குறி தானாக மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்டிக் தேய்ந்து இழுக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், "அது அப்படித்தான் மேடம், ஆட ஆடப் பழகிடும்" என்றார். எனக்குத்தான் பழகிவிட்டது, அதுதானே சங்கடம். கடைசியில் செல்போன் பழுதுபார்க்கும் ஒரு தம்பி ஸ்டிக்கை மட்டும் கழற்றிப் புதிது வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். பழைய கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் இந்த மேசைச் சோதனையை முதலில் செய்யுங்கள். கேமில் டெட்ஸோன் என்று ஒரு அமைப்பு இருந்தால் அதைக் கொஞ்சம் கூட்டினாலும் சின்ன இழுப்பு அடங்கும். இதைச் செய்யாமல் எடுத்த அட்டவணை எல்லாம் கிழிக்கத்தான்.

மலை மேல் இருக்கிறவர்கள் இன்னொன்று கேட்பார்கள், உயரமான இடத்தில் பந்து அதிகம் போகாதா என்று. நிஜத்தில் போகும். காற்று அடர்த்தி குறைவு, இழுவை குறைவு. அமெரிக்காவில் டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது, அங்கே ஆறு சதவீதம் கூடுதலாகப் போகும் என்று கணக்கு வைத்து அடிக்கிறார்கள். அதே கணக்கில், சேலம் ஐந்து ரோட்டில் நின்று 172 கெஜம் அடிக்கிறவர் ஏற்காட்டில் 180 அடிப்பார். மலை விளிம்பில் உள்ள லேடீஸ் சீட்டில் நின்று சேலத்தைப் பார்த்து அடித்தால் கணக்கே வேண்டாம். உங்கள் கேம் இதைச் சேர்க்கிறதா என்று பார்க்க, மலை மைதானம் ஒன்றிலும் கடலோர மைதானம் ஒன்றிலும் காற்றில்லாத நேரத்தில் 7 அயனை ஐந்து ஐந்து பந்து அடித்தால் போதும்.

கிரீனில் பந்தை உருட்டி அடிக்கும் பட்டிங்குக்குக் காற்று இல்லை, அது தனிக் கதை.

நூறு கெஜத்துக்குள்

முழு வீச்சு அட்டவணை முடிந்ததும் நிறையப் பேர் நோட்டை மூடிவிடுகிறார்கள். ஆட்டம் கைமாறுவது நூறு கெஜத்துக்கு உள்ளேதான். வெட்ஜ் ஒவ்வொன்றுக்கும் 90, 75, 60, 50 சதவீத வீச்சில் எங்கே விழுகிறது என்று எடுங்கள். பாதி வீச்சு பாதி தூரம் கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். என் பிட்சிங் வெட்ஜ் 75இல் 104 வருகிறது, சரி, ஏறக்குறைய கணக்குதான். 50இல் 61 தான். சுழற்சியும் குறைந்துவிடுவதால் விழுந்து ஆறு கெஜம் ஓடுகிறது, முழு வீச்சில் நின்ற இடத்திலேயே நிற்கும் அதே கிளப். காற்றும் இங்கே வேறு மாதிரி. பாதி வீச்சில் பந்து உயரமே போவதில்லை, சில்வர் ஓக் உச்சிக்குப் போகாமல் காபிச் செடி மட்டத்திலேயே போய்விடுகிறது. அதனால் காற்றுச் சதவீதத்தில் பாதிதான் எடுத்துக்கொள்கிறேன். எதிர்க்காற்று 15 வீசும் நாளில் 60 கெஜத்துக்குச் சாண்ட் வெட்ஜால் உயரத் தூக்காமல், பிட்சிங் வெட்ஜைப் பாதியில் தட்டிவிட்டு ஓடவிடுகிறேன்.

சாண்ட் வெட்ஜுக்கு 60 சதவீத வரி மட்டும் என் நோட்டில் இன்னும் காலி. இன்று காலை அதற்குத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது பந்து மேலே போகும்போது மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போய்விட்டது. முதல் இரண்டும் 52, 55. பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.